ரிசாலின் தாத்தாவுக்குத் தாத்தா சீனர். அப்படியென்றால் என் மகள் யார்?

லகூனா மாப்பிள்ளை:

வணக்கம். வரலாறு படித்தவர்கள் சிலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

22 வருடமாக ஃபிலிப்பைன்ஸில் இருக்கிறேன். மனைவிக்கு லகூனா மாகாணத்துப் பின்யான். மகளுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அம்மாவிடம் தகலோக், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டு பேரிடமும் ஆங்கிலம்.

இந்த நாட்டில் எந்தப் பட்டப்படிப்பு படித்தாலும் ஸ்பானிய ஆட்சியை எழுத்தால் எதிர்த்து, 1896-ல் சுட்டுக் கொல்லப்பட்ட தேசிய நாயகன் ஹோசே ரிசாலைப் பற்றி ஒரு பாடம் படித்தே ஆக வேண்டும். 1956-ல் போட்ட சட்டம். அதில் இவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: ரிசாலின் வம்ச மரத்தை ஒரு பக்கம் வரைந்து, சொந்த வம்சத்தை அதன் பக்கத்தில் வரைந்து, வீட்டு வளர்ப்பு ஒருவரை எப்படித் தேசியவாதி ஆக்குகிறது என்று எழுத வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் வகுப்பில் ஒரு பையன், "உன் மரத்தில் மோட்டார் சைக்கிள்தான் தொங்கும், ஃபைவ்-சிக்ஸ்!" என்றிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு: இங்கே இந்தியர் என்றாலே 'பும்பாய்'. பும்பாய் என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்து கொடுத்து ஆறாக வசூலிக்கும் வட்டிக்காரர். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள். எனக்குப் பஞ்சாபியில் ஒரு வார்த்தை வராது, யாருக்கும் ஐந்து பெசோ கடன் கொடுத்ததும் இல்லை. இருந்தும் நானும் பும்பாய்தான், என் மகளும் பும்பாய்தான்.

அன்று ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "அப்பா, ரிசாலின் தாத்தாவுக்குத் தாத்தா சீனாவிலிருந்து படகில் வந்தவர். அவர் தேசத்தின் நாயகன். நான் இங்கேயே பிறந்தவள். எனக்கு மட்டும் ஏன் இன்னும் விசாரணை?"

பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கலம்பாவில் ரிசால் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பழைய வீடு போரில் அழிந்த பிறகு திரும்பக் கட்டியது அது. பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள், பின்னால் ஒரு கிணறு. என் மாமியாரும் வந்தார். அவர் பிறந்த வீட்டுப் பெயர் 'கோ' என்று முடியும், பின்யானில் பழைய குடும்பம். "நாங்கள் சுத்தமான தகலோக்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். வெயில் தாங்காமல் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே போய்வந்து படித்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மரண தண்டனையைப் படித்துக் காட்டியபோது, தன்னைச் 'சீன மெஸ்திசோ', அதாவது சீன-உள்ளூர்க் கலப்பு, என்று எழுதியிருந்ததை ரிசால் மறுத்து, நான் இந்தியோ என்றாராம். இந்தியோ என்பது ஸ்பானியர்கள் உள்ளூர்க்காரர்களை மட்டமாக அழைத்த சொல். மறுநாள் சுடப்போகிறார்கள். அந்த நேரத்தில் இது ஏன் முக்கியம்? சீன ரத்தத்தை நினைத்து வெட்கமா? மகளுக்கு இதை எப்படிச் சொல்வது?

பழைய ஏடு:

அண்ணே, ரத்தம் என்று யோசித்தால் குழப்பமாகத்தான் இருக்கும். வரிப் பதிவேடு என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்பானிய ஆட்சியில் ஸ்பானியர் தவிர மற்றவர்களுக்குத் தலைவரி உண்டு. சீனர்களுக்கு ஒரு பதிவேடு, சீன மெஸ்திசோவுக்கு ஒன்று, இந்தியோவுக்கு ஒன்று. இந்தியோ கட்டியதைப்போல மெஸ்திசோ இரண்டு மடங்கு கட்டினார், சீனர் அதற்கும் மேலே. வேடிக்கை என்னவென்றால் ஒருவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்பதை அப்பன் வழிதான் முடிவு செய்தது. மெஸ்திசோ ஆணின் பிள்ளைகள் எத்தனை தலைமுறை ஆனாலும் மெஸ்திசோ. மெஸ்திசோப் பெண் ஓர் இந்தியோவைக் கட்டிக்கொண்டால் அவளும் இந்தியோ, அவள் பிள்ளைகளும் இந்தியோ. உடம்பில் ஓடுவது அதே ரத்தம், மாறுவது பதிவேடு.

ரிசாலின் முன்னோர் டொமிங்கோ லாம்-கோ சீனாவின் ஃபூஜியான் பக்கத்திலிருந்து வந்தவர். 1697-ல் மணிலாவின் பரியானில் ஞானஸ்நானம் வாங்கினார். பரியான் என்பது சீனர்களை ஒதுக்கி வைத்திருந்த வணிகப் பேட்டை. பிறகு பின்யானில் குடியேறினார். ஆமாம், உங்கள் மாமியார் ஊரேதான். குடும்பத்துக்கு மெர்காதோ என்று பெயர் வந்தது. ஸ்பானியத்தில் சந்தை என்று அர்த்தம், வியாபாரிக்குப் பொருத்தம். காலப்போக்கில் குடும்பம் மெஸ்திசோ பதிவேட்டிலிருந்து இந்தியோ பதிவேட்டுக்கு மாறிவிட்டது. ரிசால் தலைமுறைக்கு முன்னாலேயே நடந்தது இது. ஆகவே சட்டப்படியும் அவர் சொன்னது பொய் இல்லை.

ரிசால் என்ற பெயரே பிற்பாடு வந்ததுதான். 1849-ல் கவர்னர் கிளவேரியா எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று ஆணை போட்டார். அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டது 'ரிசால்'. பசும்பயிர் என்பதுபோல ஒரு பொருள். வீட்டுக்குப் பச்சை அடித்ததும் அதனால்தான்.

இன்னொன்றும் கேளுங்கள், இது நமக்கு நெருக்கமான சங்கதி. 1762-ல் பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தது. அந்தக் கப்பல்கள் கிளம்பிய இடம் மதராஸ். மதராஸ் சிப்பாய்கள் அதில் இருந்தார்கள். 1764-ல் படை திரும்பியபோது சிலர் போகாமல் மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் தங்கி, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அங்கே இன்றும் சிப்பாய் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அந்த ஊர் இருப்பது ரிசால் மாகாணத்தில்! அந்தச் சண்டையில் பிரிட்டிஷார் பக்கம் சாய்ந்த சீனர்களைப் பிற்பாடு ஸ்பானியர்கள் வெளியேற்றினார்கள். காலியான வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் சீன மெஸ்திசோக்கள். அடுத்த நூறு வருடத்தில் அவர்களிடம் பணம் சேர்ந்தது, நிலம் சேர்ந்தது, பிள்ளைகள் மணிலாவுக்கும் மாட்ரிடுக்கும் படிக்கப் போனார்கள். மதராஸிலிருந்து கிளம்பிய கப்பலுக்கு இதில் ஒரு கை இருக்கிறது என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

பிறகு 'ஃபிலிப்பினோ' என்ற சொல். ஆரம்பத்தில் அது தீவுகளில் பிறந்த ஸ்பானியருக்கான பெயர். உங்கள் மாமியாரின் பாட்டியை அன்று யாரும் ஃபிலிப்பினோ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ரிசால் தலைமுறை செய்தது இரண்டு காரியம். ஸ்பானியருக்கான அந்தப் பெயரை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். இந்தியோ என்ற வசையைத் தாங்களே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். 1889-ல் பாரிஸில் நண்பர்களோடு அவர் ஆரம்பித்த குழுவின் பெயரே இந்தியோஸ் பிராவோஸ், வீர இந்தியோக்கள். வெட்கப்பட்டவர் தலையில் வைக்கும் பெயர் இல்லையே அது.

மலோலோஸ் டீச்சர்:

தம்பி, நான் புலக்கான் மாகாணத்தில் 14 வருடமாக ஆசிரியை. வளர்ப்பு என்ற பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் அந்த விட்டில்பூச்சிக் கதையைத்தான் எழுதுவார்கள். ரிசாலின் அம்மா தியோதோரா, சொல்பேச்சு கேட்காமல் விளக்கில் விழுந்து கருகிய பூச்சியின் கதையை வாசித்துக் காட்டுகிறார். பையன் புத்தியைக் கேட்பதற்குப் பதிலாக, வெளிச்சத்துக்காகச் செத்த பூச்சி மேல் பொறாமைப்பட்டானாம். அழகான கதைதான். ஆனால் வருடத்துக்கு நாற்பது முறை திருத்திச் சலித்துவிட்டது. மகளை வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அண்ணன் பசியானோவிலிருந்து ஆரம்பிக்கலாம். மணிலாவில் பாதிரியார் ஹோசே பூர்கோஸ் வீட்டில் தங்கிப் படித்தவர் அவர். பூர்கோஸ் விகானில் பிறந்தவர், அப்பா ஸ்பானிய ராணுவ அதிகாரி. உள்ளூர்ப் பாதிரியார்களுக்கும் திருச்சபைப் பங்குகளை நடத்தும் உரிமை வேண்டும் என்று எழுதியவர். காவித்தே படைத்தளத்தில் வீரர்கள் செய்த கலகத்தைச் சாக்காக வைத்து 1872 பிப்ரவரி 17 அன்று பூர்கோஸையும் கோமெஸ், சமோரா என்ற இரண்டு பாதிரியார்களையும் மணிலாவின் பகும்பாயன் திடலில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். கோமெஸுக்கு 70 தாண்டியிருந்தது, அவர் சீன மெஸ்திசோ வழி. பூர்கோஸுக்கும் அவருக்கும் வம்சம் வேறு, மேடை ஒன்று.

அப்போது ரிசாலுக்குப் பதினொன்று நிறையவில்லை. அதே சமயத்தில் அம்மாவையும் கைது செய்தார்கள். உறவுக்காரப் பெண்ணுக்கு விஷம் வைக்கப் பார்த்ததாக ஒரு பொய் வழக்கு. கலம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் வரை ஏரிக்கரையோரம் நடக்கவைத்தே கூட்டிப்போனார்கள். இரண்டரை வருடம் சிறை. அந்த வருடம்தான் பையனை மணிலாவில் அத்தெனியோ பள்ளியில் சேர்க்கிறார்கள். பூர்கோஸோடு பழகிய குடும்பம் என்று மெர்காதோ பெயர் கெட்டுப்போயிருந்ததால், அண்ணன் சொல்லி 'ரிசால்' என்று பதிந்தார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர் தம்பியைக் காப்பாற்ற வைத்த பெயர், தம்பி. இதைச் சொல்லும்போது என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் போனைப் பார்க்காது.

அப்புறம் எங்கள் ஊர் பெருமை ஒன்று. 1888 டிசம்பர் 12 அன்று மலோலோஸ் பெண்கள் 20 பேர் கவர்னர் ஜெனரல் வெய்லரிடம் நேராகப் போய் மனு கொடுத்தார்கள். ஸ்பானியம் படிக்க ராத்திரிப் பள்ளி வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பங்குச்சாமி எதிர்த்தும் விடாமல் வாங்கினார்கள். பள்ளி சில மாதம்தான் நடந்தது. அந்தப் பெண்கள் பெரும்பாலும் சீன மெஸ்திசோ வீட்டுப் பிள்ளைகள். ரிசால் லண்டனிலிருந்து அவர்களுக்குத் தகலோக்கில் நீண்ட கடிதம் எழுதினார்: அம்மா தலைகுனிந்து வளர்த்தால் பிள்ளையும் தலைகுனிந்துதான் நிற்கும் என்பது அதன் சாரம். உங்கள் மகளுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

வகுப்பில் நடந்ததை ஆசிரியர் காதில் போடுங்கள். சிரிப்பு என்று விடாதீர்கள்.

தோண்டோ குடிவாசி:

எல்லாம் சரி, ஆனால் மேலே எழுதியதெல்லாம் பணக்கார வீட்டுக் கதை. புரட்சித் தலைவர் ஆண்ட்ரெஸ் போனிஃபாசியோவின் வம்ச மரத்தை ஏன் யாரும் வரையச் சொல்வதில்லை? மணிலாவின் தோண்டோவில் பிறந்து, பெற்றோரை இழந்து, கைத்தடியும் காகித விசிறியும் விற்றுத் தம்பி தங்கைகளை வளர்த்தவர். அவர் அம்மாவும் கலப்புதான், ஸ்பானிய வழி. சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பதிவேட்டில் எந்தப் பத்தியில் இருந்தால் அந்த வீட்டுக்கு என்ன?

1892 ஜூலையில் ரிசாலைப் பிடித்தவுடன் போனிஃபாசியோவும் மற்றவர்களும் ஸ்பானியரை எதிர்த்த ரகசியப் புரட்சி இயக்கமான கதிபுனானை ஆரம்பித்தார்கள். 'தகலோக்' என்றால் இந்தத் தீவுக்கூட்டத்தில் பிறந்த எல்லோரும் என்று கதிபுனான் தன் கையேட்டிலேயே எழுதிவைத்தது. வேறு மொழி பேசும் விசயரும் தகலோக், இலோக்கனோவும் தகலோக். உங்கள் பெண் கேட்ட கேள்விக்கு ரிசாலைவிட நேரடியான பதில் அங்கே இருக்கிறது. அவள் இங்கே பிறந்தவள், விஷயம் முடிந்தது.

இன்னொன்று. ரிசாலை ரொம்ப உயரத்தில் ஏற்றாதீர்கள். தெற்கே தபித்தான் என்ற ஊருக்குக் கடத்தப்பட்டிருந்தபோது சீனக் கடைக்காரர்கள் மேல் எரிச்சலாகி, அவர்களிடம் வாங்கமாட்டேன் என்று கடிதத்தில் எழுதியவர் அவர். அவர்களுக்குப் போட்டியாகக் கூட்டுறவு வியாபாரமும் தொடங்கினார். 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' நாவலில் வரும் சீன வியாபாரி கிரோகாவை எவ்வளவு கிண்டலாக எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். தாத்தாவின் தாத்தா கடை வைத்திருந்தார், பேரன் அடுத்த கடைக்காரனைப் பார்த்து முகம் சுளித்தார். அந்தப் பையன் 'ஃபைவ்-சிக்ஸ்' என்றதும் அதே சுளிப்புதான். இதையும் எழுதச் சொல்லுங்கள்.

பழைய ஏடு:

தோண்டோகாரர் சொன்னதை மறுக்கமாட்டேன். ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். ரிசால் லா லிகா ஃபிலிப்பினா என்ற சீர்திருத்தச் சங்கத்தை ஆரம்பித்தது தோண்டோவில், ஒரு சீன மெஸ்திசோ வீட்டில். போனிஃபாசியோவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். இரண்டு கதைகளும் ஒரே அறையில் உட்கார்ந்த ராத்திரி அது.

அண்ணே, முக்கியமானதை விட்டுவிட்டேன். பெயரின் கடைசியில் வரும் 'கோ' ஃபூஜியான் பக்கத்துச் சீன மொழியான ஹொக்கியெனில் அண்ணன் என்று மரியாதையாகச் சொல்வது. லாம்-கோ என்றால் நம் கணக்கில் 'லாம் அண்ணாச்சி'. கடைக்காரருக்கு நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! அந்த மரியாதை ஒட்டே பல வீடுகளில் குடும்பப் பெயரோடு உறைந்துவிட்டது. இங்கே அண்ணனைக் 'கூயா', அக்காவை 'ஆத்தே' என்கிறார்களே, அவையும் ஹொக்கியென்தான். மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் எப்படி முடிகிறது என்று மேலே சொன்னீர்கள்?

லகூனா மாப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா, திங்கட்கிழமை ஆசிரியரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன்.

மகள் எல்லாவற்றையும் படித்தாள். விட்டில்பூச்சியை அடித்துவிட்டுப் பசியானோவிலிருந்து தொடங்கியிருக்கிறாள். கிரோகாவும் உள்ளே வந்துவிட்டார். என் பக்கத்துக் கிளையில் நான்கு தலைமுறைப் பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறாள், என் கொள்ளுப்பாட்டி பெயரை நான் தொலைபேசியில் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கேலி செய்த பையனின் குடும்பப் பெயரும் 'கோ'வில் முடிவதை அவளே கண்டுபிடித்தாள். அதை வகுப்பில் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாளாக அம்மாவும் மகளும் விவாதம்.

மாமியாரிடம் அண்ணாச்சி விளக்கத்தை நேற்றுச் சொன்னேன். காய்கறியை மாவுத்தாளில் சுருட்டிச் செய்யும் லும்பியாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். லும்பியாவும் அந்த ஊர்ச் சரக்குதான் என்று சொல்ல வாயெடுத்தேன், மனைவி கண்ணால் அடக்கினாள். மாமியார் நிமிர்ந்து பார்க்காமலே, "அதெல்லாம் பெயர். நாங்கள் தகலோக்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் தாத்தா கடையில் கணக்குப் போடும் மணிச்சட்டம் ஒன்று இருந்தது. என்னைத் தொடவிடமாட்டார்" என்றார். மகள் ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தாள்.