குழந்தைக்கு வந்த நோய்க்குப் பெற்றோர் பாவம்தான் காரணமா?

நெல்லைச்சீமை:
அண்ணன் மகளுக்கு நாலு வயது, ரத்தப் புற்றுநோய். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ஊசி போட நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தட்டித் தட்டிப் பார்க்கும்போது அவள் இப்போதெல்லாம் அழுவதுகூட இல்லை, அவளே அடுத்த கையை நீட்டிவிடுகிறாள். போன வாரம் ஜெபிக்க வந்தவர்கள், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கும், பாருங்கள் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை, சின்ன வயதில் செய்ததையெல்லாம் தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் சபைக்குப் போகிறவன்தான். தேவன் நல்லவர், அவரால் ஆகாதது ஒன்றுமில்லை என்றால் இது ஏன்? 'தேவ சித்தம்' என்று மட்டும் எழுதாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

சாம்பல்மேடு:
தம்பி, முதலில் அண்ணிக்கு பைபிளில் யோவான் 9-ஐ வாசித்துக் காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்கிறார். (அடுத்து 'நீங்களும் மனந்திரும்பாவிட்டால் கெட்டுப்போவீர்கள்' என்று வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் அது நின்று கேட்டவர்களுக்கு, இடிபாட்டில் செத்தவர்களுக்கு அல்ல.)

உங்கள் வீட்டில் நடந்தது, பைபிளில் ஒரு குற்றமும் செய்யாமல் பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவிடம், நீ பாவம் செய்திருப்பாய் என்று அவனுடைய சிநேகிதர்கள் சொன்ன அதே வேலை. ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்லவர்கள்தான். வாயைத் திறந்ததும்தான் வினை. கடைசியில் கர்த்தர் கோபப்படுவது தம்மோடு வழக்காடிய யோபு மேல் அல்ல, தமக்காக வக்காலத்து வாங்கிய அவர்கள் மேல்.

ஏன் என்ற கேள்விக்கு, மனிதனுக்குக் கொடுத்த சுயாதீனம் என்பார்கள். போருக்கும் கொலைக்கும் சரி, ரத்த அணுவுக்கு ஏது சுயாதீனம்? சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்று ரோமர் 8 சொல்கிறது. உலகத்தில் நோய் ஏன் என்பதற்கு அது ஓரளவு பதில். ஏன் இவளுக்கு என்பதற்குப் பதில் இல்லை, இருப்பதாகச் சொல்கிறவரிடம் கொஞ்சம் எட்டி நில்லுங்கள்.

நம்பாதவன்:
யோவான் 9-ல் பாதியோடு நிறுத்திவிட்டீர்களே. தேவனுடைய கிரியைகள் வெளிப்படத்தான் அவன் குருடனாகப் பிறந்தான் என்று அடுத்து வருகிறது. ஒரு அற்புதத்துக்காக ஒருவன் அத்தனை வருஷம் இருட்டில் கிடக்க வேண்டுமா? யோபுவுக்குப் பத்துப் பிள்ளைகள் செத்தார்கள், பிறகு வேறு பத்து. எந்தத் தாய் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வாள்? அவனைச் சோதித்துப் பார்க்கச் சாத்தானுக்குக் கர்த்தர் அனுமதி கொடுத்த பேச்சை அவனிடம் கடைசிவரை யாரும் சொல்லக்கூட இல்லை.

கீழத்தெரு:
நம்பாதவன் கேட்டது நியாயமான கேள்வி, அந்தப் பத்துப் பிள்ளைகள் கணக்கு எனக்கும் இடிக்கத்தான் செய்கிறது. நான் கத்தோலிக்கன், நாகை மாவட்டம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் சுனாமித் தண்ணீர் வரவில்லை, மாதா காத்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்களே, அவர்களில் எத்தனையோ பேர் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே? பிழைத்தவர் நன்றி சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது? பிள்ளையைப் பறிகொடுத்தவர் பக்கத்தில் நிற்கும்போது அதையே மைக்கில் சாட்சியாகச் சொன்னால், உன் பிள்ளை மட்டும் வேண்டாதவள் என்று சொன்ன மாதிரிதான்.

விளக்கங்களை நம்பி நான் பூசைக்குப் போகவில்லை. 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று சிலுவையில் தொங்கியவரே கேட்டார், மாற்கு நற்செய்தியில் வானத்திலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. இந்த வலியை வெளியே நின்று பார்க்காத கடவுள் என்பதால் அவரோடு என்னால் பேச முடிகிறது, சண்டையும் போட முடிகிறது. திருப்பாடல் 88-ஐப் (உங்கள் பைபிளில் சங்கீதம் 88) பாருங்கள், முழுக்கப் புலம்பல், கடைசி வரி இருளில் முடிகிறது, ஆறுதலாக ஒரு வரி ஒட்டவைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் ஜெபம்தான். அண்ணி தன்னைத் தோண்டுவதை விட்டுவிட்டு அவரிடம் கோபப்படட்டும்.

நெல்லைச்சீமை:
எல்லாருக்கும் நன்றி. யோவான் 9-ஐக் காட்டினேன், இரண்டு தடவை வாசித்தார். 'அப்போ நான் காரணம் இல்லையா?' என்று கேட்டுவிட்டு இரவு கொஞ்சம் கஞ்சி குடித்தார். சங்கீதம் 88-ஐ இன்னும் காட்டவில்லை, இப்போது தாங்குவாரா தெரியவில்லை. அந்த ஜெபக் குழுவினர் வெள்ளிக்கிழமை திரும்ப வருவதாகப் போன் செய்தார்கள், வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.