9 பிள்ளைகள் ஒருபக்கம், 60 பிள்ளைகள் மறுபக்கம்: போட்டி நடத்த வழி சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை நான். 4, 5-ஆம் வகுப்புகளில் மொத்தமே 9 பிள்ளைகள். கல்வித்துறை வட்டார அளவில் பள்ளிகளுக்கு இடையே நடத்தும் குறுவட்டப் போட்டிகள் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் என்பதால் பக்கத்து மூன்று பள்ளிகளோடு நாங்களே போட்டி நடத்துகிறோம். அதில் ஒரு பள்ளியில் மட்டும் 60 பேர்.

ஜூலையில் 50 மீட்டர் ஓட்டம் வைத்தோம். பரிசெல்லாம் அந்தப் பெரிய பள்ளிக்கே போனது. ஜனவரியில் கோ-கோ. அணிக்கு 9 பேர் இறங்க வேண்டும். எங்களில் ஒருவனுக்குக் காய்ச்சல், ஆட்டமே நின்றது. பள்ளிகளைக் கலந்து அணி பிரித்தும் பார்த்தேன், "எங்க ஸ்கூல்" என்ற உற்சாகம் போய்விட்டது. இரண்டு தலைமையாசிரியர்கள் "இனி வேண்டாம் டீச்சர்" என்கிறார்கள்.

எனக்கு விட மனமில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், போட்டியன்று மதியம் வேற்றுப் பள்ளிப் பிள்ளையோடு ஒரே டிபன் பாக்ஸில் புளிசாதம் சாப்பிட்டாள். "அவங்க மறுபடி எப்ப வருவாங்க டீச்சர்?" என்று இன்னமும் கேட்கிறாள்.

மைதானம் 60 மீட்டர் நீளம், கையில் ஒரே ஒரு நாள். சின்னப் பள்ளியும் பெரிய பள்ளியும் சமமாக மோதும்படி புள்ளிக் கணக்கை எப்படி வைக்கலாம்?