கணவர்களையும் உள்ளே வரவைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். மாதாமாதம் 9-ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனையில், கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்து அரை மணி நேரம் பேச ஆசை. ஆனால் ஆண்கள் பைக்கில் இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே வருவது மாமியார். அவர் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பெண் வாய் திறப்பாள்?

கர்ப்பகாலத்தில் கணவரோடு சேரலாமா என்பதுதான் பலருடைய கேள்வி. ரத்தப்போக்கு, பனிக்குட நீர்க்கசிவு, நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாய்ப்பக்கம் கீழே இருப்பது, குறைமாதப் பிரசவ அபாயம் போன்றவை இல்லையென்றால் பொதுவாகத் தடையில்லை என்று தனியாக வந்து கேட்பவர்களிடம் சொல்கிறேன். கேட்காதவர்கள்தான் அதிகம்.

உடலுறவால் பரவும் சிபிலிஸ் நோய் விஷயம் இன்னும் சங்கடம். மனைவிக்குப் பென்சிலின் ஊசி போட்டுக் குணமானாலும், கணவர் சிகிச்சை எடுக்காவிட்டால் மறுபடி தொற்றலாம், குழந்தைக்கும் ஆபத்து. வீட்டில் சண்டை மூளாமல் இதை அவரிடம் எப்படிச் சொல்வது? இங்கே கவுன்சலர் யாராவது இருந்தால் நீங்கள் பேசும் விதத்தை அப்படியே எழுதுங்கள்.

அப்புறம், பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போடலாம் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். வலியில் துடிப்பவரிடம் சம்மதம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆண்களிடம் பேச சுகாதார ஆய்வாளரை அழைக்கலாமா? மாமியார் மனம் கோணாமல் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைக்க என்ன செய்தீர்கள்? தமிழில் படவிளக்க அட்டைகள் வைத்திருப்பவர்கள் பகிருங்கள்.