புதுப்பிப்பு: வெளித்திரையை இணைத்ததும் மடிக்கணினி சூடாவது பற்றி

வெளித்திரையை இணைத்தவுடன், வேலை ஏதும் செய்யாத நேரத்திலும் என் மடிக்கணினியின் விசிறி இரைகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, அதுவும் கத்திரி வெயில் என்பதால், பழியை வெயிலின் மேல் போட்டிருந்தேன், அது தவறு.

என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் (என்விடியா கிராபிக்ஸ் சில்லின் அமைப்புகளை மாற்றும் மென்பொருள்) ஃபிஸ்எக்ஸ் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், எந்தத் திரை எந்த கிராபிக்ஸ் சில்லோடு இணைந்திருக்கிறது என்பது படமாகவே தெரியும். என் கணினியில் எச்டிஎம்ஐ இணைப்பு நேராக, விளையாட்டு போன்ற கனமான வேலைகளுக்கான தனி கிராபிக்ஸ் சில்லுக்குச் செல்வதால், வெளித்திரை மாட்டியிருக்கும் வரை அந்தச் சில்லு உறங்க வழியின்றி விழித்திருந்து சூட்டைக் கிளப்பியிருக்கிறது. டைப்-சி இணைப்போ பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் செல்கிறது. பர்மா பஜாரில், டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றும் கேபிளை வாங்கி மாட்டியதும் (அதற்கு முன் வெறும் சார்ஜ் கேபிளை மாட்டிப் பார்த்து ஏமாந்த கதை தனி) இரைச்சல் அடங்கிவிட்டது.

எல்லா மாடல்களும் இப்படி அமைவதில்லை. சிலவற்றில் டைப்-சியும் தனிச் சில்லுக்கே போகும். அத்தகைய கணினி வைத்திருப்பவர்கள், வெளித்திரையின் வேகத்தை (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை) 144 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பார்க்கலாம். விளையாடும்போது மட்டும் நான் இன்னும் எச்டிஎம்ஐக்கே மாறிக்கொள்கிறேன்.