கொழும்பில் மெஷின் லேர்னிங் வேலைக்கு எப்படிப் போவது? பொகவந்தலாவையிலிருந்து ஒரு கேள்வி

பொகவந்தலாவை தங்கச்சி:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கணினி விஞ்ஞானம் படித்து முடித்துவிட்டேன், பட்டமளிப்பு மட்டும் பாக்கி. கடைசி வருட ஆய்வுக்குத் தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோயைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் மெஷின் லேர்னிங் மொடல் ஒன்று செய்தேன், படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்குவது. எங்கள் தோட்டத்திலேயே போனில் 1,840 படம் எடுத்தேன். 96 வீதம் சரியாகச் சொல்கிறது.

நாலு மாதமாகக் கொழும்புக் கொம்பனிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். மெஷின் லேர்னிங் எஞ்சினியர் என்று போட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் அனுப்பினேன், 37 ஆகிவிட்டது. இரண்டு இன்டர்வியூதான் வந்தது. ஒன்றில் "டொக்கர் தெரியுமா, மொடலை எங்கே ஓட விட்டிருக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். டொக்கர் என்றால் புரோகிராமை எந்தக் கணினியிலும் ஓடும்படி பொதி செய்யும் கருவி. என்னிடம் என் கணினியில் கோட் எழுதி ஓட்டிப் பார்த்த நோட்புக் ஃபைல் மட்டும்தான் இருந்தது.

அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். அவருக்குச் சீட்டுக் காசு அறுபதாயிரம் விழுந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கொழும்பில் மூன்று மாதம் தங்கி வேலை தேடு என்கிறார். மாமா ஹட்டனில் ஏதாவது வங்கியில் சேரச் சொல்கிறார். எம்.எஸ்சி. இல்லாமல் இந்த வேலை கிடைக்காது என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

கிரேட்வெஸ்டர்ன் அடிவாரம்:

தங்கச்சி, முதலில் அந்தச் சீட்டுக் காசைத் தொடாதீர்கள். இப்போது முதல் இரண்டு சுற்று இன்டர்வியூ பெரும்பாலும் ஒன்லைனில்தான். கடைசிச் சுற்றுக்குக் கூப்பிட்டால் விடியற்காலை ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, அவிசாவளை வழியாக வந்து, இருட்டுவதற்குள் திரும்பி ஏறிவிடலாம். வேலை கிடைத்த பிறகு முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்கத்தான் அந்தக் காசு வேண்டும்.

நான் தலவாக்கலைப் பக்கம். கொழும்பில் ஏழாவது வருடம். தெமட்டகொட ஓரியன் சிட்டி, மருதானை டிரேஸ், ராஜகிரிய, மாலபே என்று நீங்கள் விண்ணப்பிக்கும் இடங்களில் பாதி அமெரிக்கா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவை. வாடிக்கையாளர் மணிக்கணக்குக்குக் காசு கொடுக்கிறார். அதனால் அந்த வேலைக்குப் புதிதாகப் படித்து வந்தவரை நேரே போடத் தயங்குகிறார்கள். வங்கி, தொலைபேசிக் கொம்பனிகளில் டேட்டா டீம் உண்டு, ஆனால் சின்ன டீம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு என் டீமில் மட்டும் நாலு பேர் வெளிநாடு போனார்கள். இடம் காலிதான், ஆனால் புதியவருக்குச் சொல்லித்தர இருந்தவர்களும் அவர்கள்தான். நீங்கள் அனுப்பிய 37இல் இரண்டுக்கு மட்டும் இன்டர்வியூ வந்ததற்கு உங்கள் மார்க்ஸ் காரணமில்லை.

இன்னொன்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வேலையே மாறிவிட்டது. "ஏஐ எஞ்சினியர்" என்று வரும் விளம்பரங்களில் பலவற்றில் மொடலைப் புதிதாகப் பழக்கும் வேலை இல்லை. வாடிக்கையாளரின் ஆவணங்களைத் துண்டு துண்டாக்கி, கேள்விக்குப் பொருந்தும் துண்டுகளைத் தேடி எடுத்து, பெரிய மொழி மொடலுக்குக் கொடுத்துப் பதில் வாங்குவது. ஆர்ஏஜி என்பார்கள். போன வாரம் முழுக்க நான் செய்தது என்ன தெரியுமா? ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒன்றில் அட்டவணைகள் குழம்பி வந்ததைச் சரிசெய்ததுதான். பைதன், டேட்டாபேஸில் கேட்டெடுக்கும் எஸ்கியூஎல், கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், டொக்கர், ஒரு ஏபிஐ (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) எழுதத் தெரிவது, இவைதான் தினமும் கைகொடுக்கின்றன. ஆகவே ட்ரெய்னி, அசோசியேட் சொஃப்ட்வெயார் எஞ்சினியர், டேட்டா எஞ்சினியர் என்று வருவதற்கும் அனுப்புங்கள். நானும் அப்படித்தான் உள்ளே போனேன். ஒன்றரை வருடம் டேட்டா துப்புரவு செய்தேன், அப்புறம்தான் மொடல் பக்கம் விட்டார்கள்.

சரி, உங்கள் 96க்கு வருகிறேன். இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

2019இல் என் முதல் இன்டர்வியூ. எந்த வாடிக்கையாளர் சேவையை விட்டுப் போவார் என்று சொல்லும் மொடல், 98 வீதம். பெருமையாகச் சொன்னேன். எதிரே இருந்து இன்டர்வியூ எடுத்த அம்மா என் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி, டேட்டா அட்டவணையில் ஒரு நிரலைக் (கொலம்) காட்டினார். "கடைசிப் பில் திகதி." அவர் கேட்டது ஒரே கேள்வி: "விட்டுப் போனவருக்குத்தானே கடைசிப் பில் என்று ஒன்று இருக்கும்?" விடையை நானே கேள்விக்குள் வைத்திருக்கிறேன். எனக்கு வாயே வரவில்லை. அன்றைக்குத் தெமட்டகொடயிலிருந்து கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போனேன்.

உங்களிடமும் அதே மாதிரி ஒன்று கேட்கிறேன். ஒரே செடியில் எத்தனை படம் எடுத்தீர்கள்? எல்லாவற்றையும் கலக்கி, பழக்க ஒரு பகுதி, பரீட்சிக்க ஒரு பகுதி என்று எழுமாறாகத்தானே பிரித்தீர்கள்? அப்படியானால் பழக்கிய படமும் பரீட்சித்த படமும் ஒரே செடி, ஒரே நாள், ஒரே வெளிச்சம். மொடல் நோயைக் கற்றதா, அந்தச் செடியைக் கற்றதா என்று சொல்ல முடியாது. மலை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். தோட்டத்தில் நம்பர் போட்டுப் பிரித்திருக்கும் மலைகளில் ஒன்றை முழுசாக ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற மலைகளில் பழக்கி, ஒதுக்கிய மலையில் சோதியுங்கள். எண் விழும், பயப்பட வேண்டாம். விழுந்த எண்ணையும், ஏன் விழுந்தது என்பதையும் சிவியில் எழுதுங்கள். நான் இப்போது இன்டர்வியூ எடுக்கும் பக்கம் உட்காருகிறேன். அந்த இரண்டு வரி எழுதியிருக்கும் பிள்ளையை நான் கட்டாயம் கூப்பிடுவேன்.

ஹட்டன் அக்கா:

அண்ணன் சொன்னது சரி. தங்குமிடம் பற்றி நான் சொல்கிறேன். நம் பிள்ளைகள் எல்லாரும் தமிழர் அதிகம் இருக்கும் வெள்ளவத்தையைத்தான் முதலில் தேடுவார்கள். ஒஃபிஸ் மாலபேயில் என்றால் அது சரிவராது, தினமும் பஸ்ஸிலேயே உயிர் போய்விடும். ஒஃபிஸ் பக்கத்தில், இன்னொரு பெண்ணோடு அறையைப் பகிருங்கள். முற்பணம் எத்தனை மாதம் என்று முதலிலேயே கேளுங்கள். நான் கேட்காமல் மாட்டிக்கொண்டேன், முதல் இரண்டு மாதம் இரவுச் சாப்பாடு பணிஸ்தான். ஒஃபிஸில் டீம் பேச்சு பாதி சிங்களத்தில் போகும், அதற்கும் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழ் தெரிவதைச் சிவியில் கடைசி வரியில் ஒளித்து வைக்காதீர்கள். இங்கே சாட்பொட் செய்கிறவர்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும் என்கிறார்கள், தமிழ்ப் பதிலைப் படித்துப் பிழை பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. "தேயிலை" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஆறு குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18 பைட். ஆங்கிலத்தில் அதே சொல் (tea) மூன்றே பைட். மொழி மொடல் வாசிக்கும் சின்னத் துண்டுகளாக (டோக்கன்) பிரிக்கும்போது தமிழ் ஏன் நொறுங்குகிறது, செலவு ஏன் ஏறுகிறது என்று நான் இன்டர்வியூவில் இதை எழுதிக் காட்டித்தான் விளக்கினேன். வேலை கிடைத்தது.

பண்டாரவளைக்காரன்:

எம்.எஸ்சி. இப்போது வேண்டாம். மொறட்டுவையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், கட்டணத்தையும் உங்கள் சம்பளத்திலேயே கட்டலாம். மொடலை வேகமாகப் பழக்கும் ஜிபியு சிப் இல்லையென்றால் காகிள் இணையதளத்தில் வாரத்துக்குச் சில மணிநேரம் இலவசமாகத் தருகிறார்கள். மாமா சொல்லும் வங்கி வேலையை மட்டும் நான் முழுசாகத் தள்ளமாட்டேன். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமென்றால் ஒரு வருடம் அதைச் செய்துகொண்டே தேடுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

பொகவந்தலாவை தங்கச்சி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாளாக இதே வேலையாக இருந்தேன். அண்ணே, நீங்கள் கேட்டது அப்படியே உண்மை. ஒரு செடியில் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்திருந்தேன். நல்ல காலம், எந்த மலை என்று கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். 4, 7, 9ஆம் மலைகளில் பழக்கி 11ஆம் மலையில் சோதித்தேன். 96 போய் 71க்கு வந்தது.

பிழையான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 11இல் எடுத்த அன்று மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கொழுந்தின் மேல் நிற்கும் தண்ணீர்ச் சொட்டை மொடல் கொப்புளம் என்கிறது. கொப்புளமும் ஆரம்பத்தில் அப்படித்தான், வட்டமாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இருக்கும். அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் படங்களைக் காட்டினேன். "இலையைத் திருப்பிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? அடியில் வெள்ளையாகப் புடைத்திருந்தால்தானே கொப்புளம்" என்றார். நான் 1,840 படத்தில் ஒன்றைக்கூட அடிப்பக்கம் எடுக்கவில்லை.

மாமாவிடம் ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அம்மாவுக்கு 11ஆம் மலையில்தான் கொழுந்து. கங்காணியிடம் கேட்டுவிட்டேன், நானும் கூடப் போகிறேன், இரண்டு பக்கமும் எடுக்க. டொக்கரை இன்று இரவு தொடங்குகிறேன்.