முதலாண்டு பி.காம் பிள்ளைகளுக்குத் தகவல் அமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

சாக்பீஸ்:
அடுத்த வாரம் பி.காம் முதலாண்டுக்கு வணிகத் தகவல் அமைப்புகள் பாடம் எடுக்கப் போகிறேன். முதல் யூனிட்டில் தரவு என்றால் என்ன, தகவல் என்றால் என்ன, அப்புறம் நிறுவனத்தில் எந்த மட்டத்துக்கு எந்தத் தகவல் என்று காட்டும் அந்த முக்கோணம்: அடியில் அன்றாட வரவு செலவு, நடுவில் மேலாளர், உச்சியில் முதலாளி. போன வருடம் முக்கோணத்தை வரைந்து முடிப்பதற்குள் கடைசி பெஞ்ச் தூங்கிவிட்டது. இந்த முறை ரேஷன் கடையில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அம்மாவோடு அந்த வரிசையில் நிற்காத பிள்ளை என் வகுப்பில் இல்லை. 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. கார்டை ஸ்கேன் செய்கிறார்கள், பில் போடுகிறார்கள், செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அந்த ஒரு பில் வேறு யாருக்கெல்லாம் பயன்படும்? அதைப் பார்த்து அவர்கள் என்ன முடிவெடுக்கலாம்? முதல் இரண்டு வாரம் இந்தக் கேள்விகள் மட்டும்தான், கணினி கிடையாது. என்ன நினைக்கிறீர்கள்?

பனியன்கணக்கு:
கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், இது கதாகாலட்சேபம். நான் திருப்பூரில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறவன். எம்.ஐ.எஸ். (மேலாண்மைத் தகவல் அமைப்பு) என்றால் என்ன என்று கேட்டால் வருகிறவர்கள் ஐந்து பாயின்ட் ஒப்பிக்கிறார்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு டெலிவரி சலான், அதாவது சரக்கோடு போகும் சீட்டு, போடச் சொன்னால் முழிக்கிறார்கள். எங்கள் தொழிலில் துணி கிலோவில் வரும், பனியன் பீஸாகப் போகும். நடுவே சாயப்பட்டறைக்குப் போய் வந்தால் எடை குறையும். அனுப்பியது 500 கிலோ, திரும்பியது 480. அந்த 20 கிலோ சாயத்தில் போன கழிவா, திருட்டா, யாரோ தப்பாக அடித்த என்ட்ரியா? இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் நாளைக்கே வேலை. முதல் நாளே டேலியைத் திறந்து உட்கார வையுங்கள்.

சாக்பீஸ்:
அந்த 20 கிலோ கேள்வி டேலியில் இல்லையே ஐயா. எந்த இடத்தில் யார் எடை போட வேண்டும், எவ்வளவு கழிவு நியாயம் என்று தெரிந்தவனுக்குத்தான் அது கேள்வியாகவே தோன்றும்.

பனியன்கணக்கு:
சரி, கேள்வி பட்டறையில் இருக்கட்டும். பதிலுக்கு நூறு சலானைக் கையால் புரட்டச் சொல்வீர்களா?

பழைய காகிதம்:
இடையில் நுழைகிறேன். வணிகத்துக்கு முதலில் கணினி செய்தது யார் தெரியுமா? இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய லையன்ஸ் கம்பெனி! (டீக்கடைக்காரர்கள் என்று சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்ச் எழுந்துவிடும்.) கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் எட்சாக் என்ற கணினியைக் கட்டியபோது 3000 பவுண்டு கொடுத்து உதவினார்கள், பிறகு அதைப் பார்த்து லியோ என்று சொந்தமாக ஒன்றைக் கட்டினார்கள். 1951 நவம்பரில் அதில் ஓடிய முதல் வேலை பேக்கரிக் கணக்கு. எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வந்த ஏற்பாடுதான். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் ஒன்று லியோவிடம் இருக்கும். கடையை நடத்தும் பெண் தினமும் போனில் மாற்றத்தை மட்டும் சொல்வார், அது கணினி படிக்கும் அட்டையில் துளையாக விழும், மறுநாள் சரக்கு அதன்படி போகும். மாறாததை ஏன் தினமும் சொல்ல வேண்டும் என்று முதலில் யோசித்திருக்கிறார்கள். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே அலுவலக வேலைமுறையை ஆராய்வதற்கென்று தனிப் பிரிவு வைத்திருந்தவர்கள் அவர்கள். என் ஓட்டு சாக்பீஸுக்கு.

பனியன்கணக்கு:
லையன்ஸுக்கு வருடக்கணக்கில் நேரம் இருந்தது. என்னிடம் வேலைக்கு வரப்போகிற பையனுக்கு இருப்பது ஒரு செமஸ்டர்.

ராத்திரிப்பறவை:
மென்பொருள் தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு ஒரு சம்பவம். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறையின் கணக்கில் 15,841 கொரோனா நோயாளிகள் விட்டுப்போனார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவக் கோப்பில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிசைக்கு மேல் ஏறாது, மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. தொற்று இருப்பது நோயாளிக்குத் தெரியும், ஆனால் அவரோடு பழகியவர்களைத் தேட வேண்டியவர்களுக்குப் பெயர் போய்ச் சேரவில்லை.

பனியன்கணக்கு:
இது எனக்குச் சாட்சி தம்பி, உங்களுக்கு இல்லை! புதிய வடிவத்தில் பத்து லட்சம் வரிசைக்கு மேல் பிடிக்கும். எக்ஸெலை ஒழுங்காகக் கற்ற ஒருவர் அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

ராத்திரிப்பறவை:
அனுப்பியது எத்தனை, வந்தது எத்தனை என்று இரு பக்கமும் எண்ணிப் பார்த்திருந்தாலும் நடந்திருக்காது. அதற்கு எக்ஸெல் வேண்டாம், மளிகைக்கடை சிட்டை போதும். நீங்களே 500-க்கும் 480-க்கும் அதைத்தானே செய்கிறீர்கள்?

பனியன்கணக்கு:
செய்கிறேன். டேலியில் செய்கிறேன்.

சாக்பீஸ்:
ஐயா, உங்கள் பழைய ஸ்டாக் கணக்கு ஒரு மாதத்துக்குக் கிடைக்குமா? வாடிக்கையாளர் பெயர், விலை எல்லாம் எடுத்துவிட்டுத் தாருங்கள். ரேஷன் கடை ஒரு வாரத்தோடு நிற்கட்டும். இரண்டாம் வாரம் சலான்களை அச்செடுத்து மேஜையில் பரப்புகிறேன், மூன்றாம் வாரம் அதே சலான்களை டேலியில் ஏற்றச் சொல்கிறேன். முக்கோணத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய காகிதம்:
பல்கலைக்கழகக் கேள்வித்தாளில் முக்கோணம் பத்து மதிப்பெண்ணுக்கு வருமே, அதற்கு?

சாக்பீஸ்:
தேர்வுக்கு முந்தின வாரம் வரைந்து கொடுத்துவிடுவேன். அதற்கு ஒரு பீரியட் போதும்.

பனியன்கணக்கு:
கணக்கு தருகிறேன். இரண்டாவது வாரம் வீண் என்றுதான் இப்போதும் சொல்வேன். போன ஆடி மாதக் கணக்கில் 35 கிலோ இடிக்கிறது, அதை அனுப்புகிறேன். எந்தச் சலானில் இடிக்கிறது என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.