பழைய சான்ட்ரோவுக்கு இன்ஜெக்டர் மாற்றுவது வீட்டிலா, பட்டறையிலா?

கோரிமேட்டுக்காரன்:
2005 மாடல் சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். அப்பா வாங்கிய வண்டி, விற்க மனசு வரவில்லை. ஓமலூர் வரை போய் வந்தால் ஒரு குறையும் தெரியாது. ஏற்காடு ஏறும்போதுதான் எட்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இரண்டாவது கியரில் உதறுகிறது, இழுவை இல்லை. பிளக், பிளக் வயர் எல்லாம் போன மாதம் மாற்றியவை. ஒரு பட்டறையில் ஐந்து நிமிடம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, நாலு இன்ஜெக்டரும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) மாற்ற வேண்டும், 14,000 ஆகும் என்றார்கள். சாக்கெட் செட், மல்டிமீட்டர் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாமா?

அடிவாரம் மெக்கானிக்:
வேண்டாம் தம்பி. இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இன்ஜெக்டரின் மேல் ஓரிங், அதாவது ரப்பர் வளையம், பெட்ரோலை அடைக்கிறது, கீழ் ஓரிங் காற்றை அடைக்கிறது. வீட்டில் மாற்றிய ஒரு வண்டியில் மேல் ஓரிங் மடங்கிப் போய் உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பெட்ரோல் ஊசி மாதிரி பீய்ச்சி, சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டுப் பற்றிக்கொண்டது. வயரிங் முழுக்கப் போனது. ஆள் தப்பியதே பெரிது.

செவ்வாய்ப்பேட்டை ஜென்:
பயமுறுத்துவதற்குப் பதில் முறையைச் சொல்லலாமே அண்ணா. என் 2002 மாருதி ஜென்னில் நானே மாற்றினேன். எஞ்சின் ஆறியதும் ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே பியூவல் பம்ப் பியூஸைப் பிடுங்கினால் லைனில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானே நின்றுவிடும். இன்னும் இரண்டு முறை செல்ப் அடித்தால் மிச்ச அழுத்தமும் இறங்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ரெயிலைத் தூக்குவதற்கு முன் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள மண்ணை பிரஷ் போட்டு ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக வால்வு மேல் விழும். புது ஓரிங்கில் ஒரு விரல் எஞ்சின் ஆயில் தடவி, லேசாகத் திருகிக்கொண்டே அழுத்தினால் மடங்காது. நான் கழற்றிய பழைய ஓரிங் ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினாலே வெடித்தது. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் போடுகிற காலத்தில் எத்தனாலைத் தாங்கும் ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

அடிவாரம் மெக்கானிக்:
சொன்ன முறை சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் இன்ஜெக்டரில் செருகும் வயர் கப்ளரின் இருபது வருட கிளிப் கையில் தொட்டாலே உடையும். ரெயில் போல்ட் அலுமினியத்தில் இறங்குகிறது, கொஞ்சம் இழுத்து முறுக்கினால் மரை போய்விடும். அதைவிட முக்கியமாக, கெட்டது இன்ஜெக்டர்தான் என்று யார் உறுதி செய்தது? பியூவல் பில்டர் அடைத்தாலும், பம்ப் அழுத்தம் குறைந்தாலும் மேட்டில் இதே கதைதான்.

லேடீஸ் சீட் பக்கம்:
ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காற்று குறைவதால் வருகிற பிரச்சினையாக இருக்குமோ?

அடிவாரம் மெக்கானிக்:
கார்புரேட்டர் வண்டி என்றால் யோசிக்கலாம். இதில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் பார்த்து, ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். சக்தி கொஞ்சம் குறையும், உதறாது.

செவ்வாய்ப்பேட்டை ஜென்:
சோதனைக்குப் பெட்ரோல் லைனைத் தொடவே வேண்டாம். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, ஒவ்வொரு இன்ஜெக்டர் கப்ளராகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எஞ்சின் வேகம் அதிகம் இறங்கவில்லையோ, அந்த சிலிண்டர்தான் சோம்பேறி. பிறகு எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு இன்ஜெக்டரின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டர் வையுங்கள். இந்த வகைக்குப் பொதுவாக 12 முதல் 16 ஓம்ஸ் வரும், நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

ஓமலூர் டீசல்:
என் டீசல் ஸ்விஃப்டுக்கும் இதே முறைதானா?

அடிவாரம் மெக்கானிக்:
கையே வைக்காதீர்கள். பெட்ரோல் ரெயிலில் அழுத்தம் 3 பாரைச் சுற்றித்தான். டீசல் காமன் ரெயிலில் 1,000 பாருக்கு மேல் போகும், அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பல வண்டிகளில் புது இன்ஜெக்டரின் குறியீட்டை ஈசியூவில் ஏற்றவும் வேண்டும்.

கோரிமேட்டுக்காரன்:
சோதித்துவிட்டேன். ஒன்று, இரண்டு, நாலு பிடுங்கினால் எஞ்சின் தள்ளாடுகிறது. மூன்றாவதைப் பிடுங்கினால் பெரிய வித்தியாசமே இல்லை. ஓம்ஸ் நாலிலும் 14 சுற்றி வருகிறது. பிளக் வயரை இடம் மாற்றிப் போட்டும் மூன்றாவதே அப்படி இருக்கிறது.

அடிவாரம் மெக்கானிக்:
அப்போது இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் நன்றாக இருக்கிறது, அதன் வாய் அடைத்திருக்கலாம். நாலையும் மாற்றச் சொன்னது தவறு. இன்ஜெக்டர் தெளிப்பைச் சோதிக்கும் டெஸ்டிங் பெஞ்ச் உள்ள இடத்தில் கொடுத்து, அல்ட்ராசோனிக்கில், அதாவது ஒலி அதிர்வில், சுத்தம் செய்து பார்க்க வேண்டும். கழற்றும் வேலைக்கு மட்டும் என்னிடம் வா, கூலி பெரிதாக வாங்க மாட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை ஜென்:
கழற்றுவதை அவரே செய்யட்டும் அண்ணா. பழைய ஓரிங்கையே திரும்பப் போட்டு மூடுகிற பட்டறைகளையும் பார்த்திருக்கிறேன். சொந்த வண்டி என்றால் அந்தக் கவனம் தானாக வரும்.

அடிவாரம் மெக்கானிக்:
கவனம் வேறு, கைப்பழக்கம் வேறு. சரி, செய்வதென்றால் இதையாவது கேள். போர்டிகோவுக்குள் வேண்டாம், திறந்த வாசலில் காலையில் செய். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து வீட்டுக்குள் போகும். உள்ளே அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்க வேண்டும், வாளித் தண்ணீர் போதாது.

கோரிமேட்டுக்காரன்:
முடிந்தது. அம்மாவிடம் சொல்லி விளக்கை நிறுத்திவிட்டு, ஏழு மணிக்கே ஆரம்பித்தேன். ஒரு கிளிப் உடைந்தது, அண்ணா சொன்ன மாதிரியே. பெஞ்சில் நாலு கண்ணாடிக் குழாய் வரிசையாக இருந்தது. மற்ற மூன்று குழாய்களில் பெட்ரோல் புகை மாதிரி விரிந்து இறங்கியது, என் மூன்றாவது மட்டும் ஒற்றை நூலாக வடிந்தது. குழாயில் மட்டம் மற்றவற்றில் பாதிகூட இல்லை. சுத்தம் செய்தபின் நாலும் ஒரே மட்டம். புது இன்ஜெக்டர் ஒன்றுகூட வாங்கவில்லை. எட்டு ஓரிங்கும் புதியவை. லைனில் பம்ப் அழுத்தம் ஏற, தம்பியை நாலு முறை சாவி ஆன் மட்டும் செய்யச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன், கசிவு இல்லை. பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். நாளை ஏற்காடு ஏறப்போகிறேன்.

அடிவாரம் மெக்கானிக்:
நல்லது. வீட்டில் செய்யலாம் என்று இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாளை காலை சாவி போடும் முன் பானெட்டைத் திறந்து மோந்து பார். துளி வாடை வந்தாலும் ஸ்டார்ட் செய்யாதே. மலையேறும் முன் அடிவாரத்தில் ஒருமுறை நிறுத்து, நானும் பார்த்துவிடுகிறேன்.